திரும்பி வரும் வழியை முதலில் பாருங்கள்: ஜெர்மனியில் படிப்பவர்களுக்கு ஊர் சுற்றவும் இரவில் வெளியே போகவும் ஒரு முழு வழிகாட்டி

ஜெர்மனி வந்த மூன்றாவது மாதம். டிசம்பரில் ஒரு புதன்கிழமை இரவு, கொலோன் ரயில் நிலையத்தில் நாங்கள் நான்கு பேர் நின்றிருந்தோம். ஆஹனுக்குப் போகும் கடைசி ரயில் கிளம்பி ஏழு நிமிடம் ஆகியிருந்தது. அடுத்தது விடிகாலையில்தான். எங்களில் ஒருவன் கையுறை இல்லாமல் வந்திருந்தான். இயந்திரத்தில் வாங்கிய காபியைக் குடிக்காமல், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். காபி ஆறிப் பச்சைத்தண்ணீர் மாதிரி ஆன பிறகும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

கிறிஸ்துமஸ் சந்தைக்கு எப்படிப் போவது, எந்தக் கடையில் என்ன சாப்பிடுவது, எங்கே நின்றால் தேவாலயம் படத்தில் முழுசாக விழும் என்றெல்லாம் இரண்டு நாள் பேசியிருந்தோம். திரும்புவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அன்றிலிருந்து எந்தப் பயணமானாலும் கடைசியில் இருந்து தொடங்கித்தான் திட்டம் போடுகிறேன். எப்போது, எதில், எந்தக் காகிதத்தோடு, எவ்வளவு பணம் மிச்சத்தோடு வீட்டுக் கதவைத் திறக்கப்போகிறேன் என்பது முதலில். மற்றதெல்லாம் அப்புறம். கீழே உள்ள படிகளும் அந்தக் கணக்கில்தான் போகின்றன. நான் படித்தது ஆஹனில் என்பதால் உதாரணங்கள் அந்தப் பக்கத்துடையவை. முனிச்சிலோ டிரெஸ்டனிலோ இருப்பவர்கள் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. காலண்டர்: விடுமுறை என்று நினைப்பது விடுமுறையா?

குளிர்காலப் பருவத்தின் வகுப்புகள் அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரித் தொடக்கத்தில் முடியும். கோடைப் பருவம் ஏப்ரலில் தொடங்கி ஜூலை நடுவில் முடியும். நடுவில் வருகிற பெரிய இடைவெளிகளைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாசம் லீவுடா" என்று ஊருக்குப் போன் போட்டுச் சொல்வது எல்லோரும் செய்கிற முதல் தவறு. பல்கலைக்கழகம் அதை விடுமுறை என்று சொல்வதே இல்லை. வகுப்பில்லாக் காலம் என்றுதான் சொல்லும். தேர்வு, அறிக்கை, ஆய்வகப் பயிற்சி எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள்தான் சிதறிக் கிடக்கும். பிப்ரவரி 10-இல் ஒரு தேர்வு, மார்ச் 18-இல் இன்னொன்று என்று வரும்.

அதனால் முதலில் தேர்வுத் தேதிகளையும், தேர்வுக்குப் பதிவு செய்யவும் விலகவும் உள்ள கடைசித் தேதிகளையும் எழுதுங்கள். தேர்வுக்கு முந்தின மூன்று நாளை அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்கள் விடுமுறை. கிறிஸ்துமஸ் ஒட்டி ஏறக்குறைய இரண்டு வாரம் நிச்சயம். அதற்கு அடுத்தது, நான் மிகவும் நம்புவது, பாலம் நாள். ஜெர்மானியர் 'ப்ரூக்கென்டாக்' என்பார்கள். இயேசு விண்ணேற்றத் திருநாள் எப்போதும் வியாழக்கிழமை வரும். வெள்ளிக்கிழமையை மட்டும் எப்படியாவது காலியாக்கிக்கொண்டால் நான்கு நாள் சேர்ந்து கிடைக்கும். ஆஹன் இருக்கிற மாநிலத்தில் ஃப்ரோன்லைஹ்னாம் (கிறிஸ்துவின் திருவுடல்) திருநாளும் வியாழன்தான். பெர்லினில் அதற்கு விடுமுறை கிடையாது. ஒரே சிக்கல், நாட்டில் உள்ள அத்தனை பேருக்கும் இதே யோசனை வரும். பாலம் நாளுக்கு டிக்கெட் எடுப்பது தீபாவளிக்குக் கோயம்பேட்டில் பஸ் பிடிப்பது மாதிரி. தேதி ஒரு வருடம் முன்பே தெரியும், அதனால் சீக்கிரம் எடுத்துவிடுங்கள்.

ஊருக்கே போகிறவர்கள் வசிப்பு அனுமதி அட்டையில் உள்ள கடைசித் தேதிக்கு முன்பு திரும்பி வந்திறங்குவது உறுதியா என்று பாருங்கள். தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், அட்டையில் தேதி மிச்சம் இருந்தாலும் பொதுவாக அது செல்லாமல் போய்விடும்.

2. காகிதங்கள்: இதில் சோம்பேறித்தனம் கூடாது

ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள். 2023-இல் குரோவேஷியா சேர்ந்தது. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியில் முழுதாக உள்ளே வந்தன. ஜெர்மனியின் வசிப்பு அட்டையும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளுக்குள் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் சுற்றலாம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது, போகலாம். அயர்லாந்தும் சைப்ரஸும் ஒன்றியத்தில் இருந்தும் ஷெங்கனில் இல்லை. இங்கிலாந்து இரண்டிலும் இல்லை; இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அதற்குத் தனி விசா எடுக்க வேண்டும்.

எல்லையில் சோதனையே இருக்காது என்று சீனியர்கள் சொல்வார்கள். அது பழைய கதை. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் நில எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனை வைத்தது. பாரிஸிலிருந்து இரவுப் பேருந்தில் வந்துகொண்டிருந்தோம். விடிகாலை மூன்றரைக்கு வண்டி நின்றது, விளக்கு எரிந்தது, இரண்டு காவலர்கள் ஏறினார்கள். என் பக்கத்தில் இருந்த நண்பன் போனை எடுத்துப் பாஸ்போர்ட்டின் படத்தைக் காட்டினான். காவலர்களில் ஒருவரான அம்மா படத்தைப் பார்க்கவே இல்லை, "அசல்?" என்று மட்டும் கேட்டார். அசல் ஆஹனில், மேசை இழுப்பறையில், பத்திரமாக இருந்தது. அவனை இறக்கினார்கள். அவன் பெயரைச் சரிபார்த்து விடுவதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது. மோசமாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அடுத்த ஊர் வரை டாக்சிக்குக் கொடுத்த பணத்தில் இன்னொரு தடவை பாரிஸ் போய்வந்திருப்பான்.

எல்லை தாண்டினால் பாஸ்போர்ட், வசிப்பு அட்டை இரண்டுமே அசல். ஆஹனை ஒட்டிய நெதர்லாந்து ஊரான வால்ஸுக்குச் சைக்கிளில் போனாலும் சரி.

அட்டை முடிந்து, புதுப்பிப்புக்கு விண்ணப்பித்து, கையில் மடித்த தற்காலிகச் சான்றுத்தாள் மட்டும் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். அதில் எந்தப் பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வசிப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு என்றால் ஜெர்மனிக்குத் திரும்பி வரலாம். 3-ஆம் உட்பிரிவு என்றால் அதை நம்பி வெளியே போகக் கூடாது. நானாக இருந்தால் எந்தத் தாளானாலும், புது அட்டை கைக்கு வரும்வரை ஜெர்மனிக்குள்ளேயே சுற்றுவேன். சுற்ற ஊரா இல்லை?

காப்பீடு விஷயம் பலருக்குத் தெரியாது. அரசுக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம் ஐரோப்பியச் சுகாதார அட்டையாகவும் வேலை செய்யும். ஆனால் ஐரோப்பியக் குடியுரிமை இல்லாதவர்களுக்குச் சுவிட்சர்லாந்து, டென்மார்க், நார்வே போன்ற நாடுகளில் அது செல்லாது. ஆல்ப்ஸ் பக்கம் போகிறவர்கள் தனியாகப் பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள், வருடத்துக்கே சில யூரோக்கள்தான். சுவிட்சர்லாந்தில் இன்னொரு பொறி: ஜெர்மன் சிம் மற்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் உள்ளூர் மாதிரி ஓடும், அங்கே எல்லாத் திட்டத்திலும் ஓடாது. எல்லை தாண்டுவதற்கு முன் டேட்டாவை அணைத்துவிட்டுத் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

3. பணம்

விசாவுக்காக முன்பே பணம் போட்டுவைத்த முடக்கக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ வரும். வாடகை, காப்பீடு, சாப்பாடு போக மிச்சம் என்ன என்பது ஊருக்கு ஊர் மாறும்; ஆனால் மிச்சம் இருப்பதில் பயணம் போகலாம் என்று நினைத்தால் ஒருபோதும் மிஞ்சாது. மாதத் தொடக்கத்திலேயே 50, 60 யூரோவைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுவதுதான் எனக்கு வேலை செய்தது. பகுதிநேர வேலைக்கு வருடம் 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி. ஆகஸ்டில் மூன்று வாரம் கிடங்கில் வேலை பார்த்து அந்தக் காசில் செப்டம்பரில் போகிறவர்கள்தான் நிம்மதியாகப் போகிறவர்கள்.

கூட்டமாகப் போகும்போது செலவைப் பிரிக்கும் ஸ்பிளிட்வைஸ் செயலியில் உடனுக்குடன் போடுங்கள். அதைவிட முக்கியம், கிளம்பும் முன்பு ஆளுக்கு எவ்வளவு முடியும் என்று வாய்விட்டுக் கேட்பது. எல்லாருக்கும் அப்பா அனுப்புவதில்லை. சிலர் கல்விக்கடன் வட்டியை இங்கிருந்தே கட்டுகிறார்கள். "120-க்கு மேல் என்னால் முடியாது" என்று ஒருவர் சொன்னால் அந்தப் பயணத்தின் வரம்பு 120. அது பிடிக்காதவர்கள் வேறு கூட்டத்தோடு போகட்டும். நான் பார்த்த நட்பு முறிவுகளில் பாதிக்கு மேல் ஆம்ஸ்டர்டாமில் ஓட்டல் பில்லைப் பிரிக்கும்போது நடந்தவை.

கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள். சின்ன மதுக்கடைகளிலும் சந்தைக் கடைகளிலும் கார்டு வாங்காத இடங்கள் இன்னும் உண்டு.

4. டிக்கெட்

டாய்ச்லாண்ட்டிக்கெட் என்ற மாதச் சீட்டு 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது. 2025-இல் 58, 2026 ஜனவரியில் 63 என்று ஏறிவிட்டது. பல பல்கலைக்கழகங்களில் அதுவே பருவச் சீட்டாக, அந்த விலையில் 60 சதவீதத்துக்கு, பருவக் கட்டணத்தோடு சேர்த்தே வந்துவிடும். அதாவது நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள். பயன்படுத்தாவிட்டால் நஷ்டம் உங்களுக்கு. நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், மெட்ரோ, வட்டார ரயில்கள் எல்லாவற்றிலும் செல்லும். ஐசிஇ, ஐசி போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. புதிதாக வந்தவர்கள் நடைமேடையில் நிற்கிற வெள்ளை ரயிலில் ஏறி 60 யூரோ அபராதம் கட்டுவது ஒவ்வொரு அக்டோபரிலும் நடக்கும். சிவப்பு வெள்ளை நிறத்தைப் பார்க்காதீர்கள், பலகையில் ஆர்ஈ, ஆர்பி, எஸ் என்ற வட்டார ரயில் எழுத்தைப் பாருங்கள்.

தூரம் போக வேண்டுமென்றால் ஐசிஇ-யில் சிக்கனக் கட்டண டிக்கெட் உண்டு. முன்கூட்டி எடுத்தால் பேருந்து விலைக்கே கிடைக்கும். ஆனால் அந்தக் குறிப்பிட்ட ரயிலில்தான் ஏற வேண்டும். இங்கே ஒரு நல்ல விதி: போய்ச் சேரும் இடத்துக்கு 20 நிமிடம் அல்லது அதற்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டுப்பாடு விலகிவிடும், வேறு ரயிலில் ஏறிக்கொள்ளலாம். 60 நிமிடம் தாமதமாகச் சேர்ந்தால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடம் என்றால் 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம். ஜெர்மன் ரயில் நேரத்துக்கு வரும் என்று நம்மூரில் ஒரு புராணம் உண்டு. வந்து ஒரு மாதத்தில் அது கலைந்துவிடும். மாறும் ரயிலுக்கு நடுவில் எட்டு நிமிடம்தான் இருக்கிறது என்று செயலி காட்டினால், அது இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மலிவு விமானம் எடுக்கும்போது விமான நிலையத்தின் பெயரை நம்பாதீர்கள். பாரிஸ் போவே என்பது பாரிஸிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். பிராங்க்ஃபர்ட் ஹான் பிராங்க்ஃபர்ட்டிலிருந்து 120 கிலோமீட்டர். 19 யூரோ டிக்கெட்டும் அங்கே போக 17 யூரோ பேருந்தும் என்று கணக்கு முடியும். காலை ஆறு மணி விமானம் என்றால் முந்தின இரவை எங்கே கழிப்பீர்கள் என்பதையும் கூட்டுங்கள். ஐரோப்பியர் அல்லாதவர்களின் பாஸ்போர்ட்டை முகப்பில் பார்த்துவிட்டுத்தான் சில நிறுவனங்கள் ஏற்றும். பெட்டி இல்லாவிட்டாலும் அந்த வரிசைக்கு நேரம் ஒதுக்குங்கள்.

நீண்ட கோடைப் பயணத்துக்கு, பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் ஏறக்கூடிய இன்டர்ரெயில் சீட்டு இருக்கிறது. ஐரோப்பியக் குடிமக்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே முறைப்படி வசிப்பவர்களும் வாங்கலாம், 27 வயது வரை இளையோர் விலை. வசிக்கும் நாட்டுக்குள் அந்தச் சீட்டு, எல்லை தாண்டிப் போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள் மட்டும்தான் செல்லும். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் அதிவேக ரயில்களில் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள், சீட்டு வாங்கும்போது இது கண்ணில் படாது.

5. பழகிப் பழகிப் போங்கள்: மூன்று பயணங்கள்

முதல் பயணத்துக்கே ஸ்பெயின் வேண்டாம். அரை நாளில் போய்வரக்கூடிய இடமாகப் பாருங்கள். ஆஹன்காரர்களுக்கு நெதர்லாந்தின் வால்ஸ் இருக்கிறது, நகரப் பேருந்திலேயே போய்விடலாம். அதன் மேலே உள்ள குன்றில் ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றும் ஒரு கல்லில் சந்திக்கின்றன. 1816 முதல் 1920 வரை மோரெஸ்னே என்ற துண்டு நிலமும் அங்கே தனியாக இருந்தது; துத்தநாகச் சுரங்கம் யாருக்கு என்று தீர்க்க முடியாமல் யாருக்கும் இல்லாமல் விட்டுவைத்தார்கள். குன்றின் உயரம் 322 மீட்டர்தான், நெதர்லாந்தின் ஐரோப்பிய நிலப்பரப்பிலேயே அதுதான் உச்சி. பரங்கிமலையைச் சில மடங்காக்கினால் ஒரு நாட்டின் சிகரம்! கல்லைச் சுற்றி வந்து மூன்று நாடு பார்த்தேன் என்று அம்மாவுக்குப் படம் அனுப்பிவிட்டு மாலை வீட்டுக்கு வந்து சமைக்கலாம்.

இரண்டாவது, டாய்ச்லாண்ட்டிக்கெட்டின் விளிம்பு வரை ஒரு நாள். லக்ஸம்பர்க்கில் 2020 முதல் இரண்டாம் வகுப்புப் பொதுப் போக்குவரத்து எல்லாம் இலவசம். ட்ரியர் வரை உங்கள் சீட்டில் போய் அப்படியே உள்ளே நுழைந்துவிடலாம். தெற்கில் இருப்பவர்களுக்கு அதே சீட்டு ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நிலையம் வரை செல்லும். இவை போய்வரச் செலவில்லாத ஊர்கள், ஆனால் நேரம் தின்னும் ஊர்கள். வட்டார ரயிலில் நான்கைந்து மணி நேரம் உட்காரத் தயாரென்றால் மட்டும். நினைவிருக்கட்டும், சால்ஸ்பர்க்கும் எல்லை தாண்டியதுதான், பாஸ்போர்ட்.

மூன்றாவது, இரண்டு இரவு தங்கும் பயணம். பாரிஸைச் சொல்வேன், காரணம் காசு. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிக்கும் 26 வயதுக்குட்பட்டவர்களுக்கு லூவ்ர் இலவசம். குடியுரிமை கேட்பதில்லை, வசிப்பதுதான் கணக்கு. ஜெர்மன் வசிப்பு அட்டையைக் காட்டுங்கள். நேரத்தை மட்டும் இணையத்தில் முன்பே பதிந்துவிடுங்கள். பகலெல்லாம் படம் பார்த்துக் கால் ஓய்ந்தால், கார் து நோர் நிலையத்துக்குப் பின்னால் லா ஷாப்பெல். ஈழத்தமிழர் கடைத்தெரு. பெயர்ப்பலகையைத் தமிழில் வாசித்துக்கொண்டே நடக்கலாம், கொத்துரொட்டித் தட்டும் சத்தம் தெருவுக்கே கேட்கும். கடைக்கார அண்ணன் "எங்க தம்பி, இந்தியாவோ?" என்று கேட்டபோது, பல மாதம் கழித்து ஒரு கேள்வியை மனதுக்குள் மொழிபெயர்க்காமல் புரிந்துகொண்டேன். ஆகஸ்ட் கடைசிவாக்கில் போனால் அங்கே பிள்ளையார் தேரும் பார்க்கலாம், தெருவோரம் தேங்காய் மலைமலையாக உடைபடும்.

தேர் என்றதும் இன்னொன்று. கோடையில் ஜெர்மனியின் ஹம் நகரில் உள்ள காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவைத் தவறவிடாதீர்கள். தொழிற்பேட்டைக்கு நடுவில் கோபுரம் நிற்கும். 2002-இல் குடமுழுக்கு நடந்த கோயில். டாய்ச்லாண்ட்டிக்கெட் போதும்.

6. படுக்கையும் சாப்பாடும்

ஹாஸ்டலில் படுக்கை விலை ஊரை மட்டுமல்ல, தேதியையும் பொறுத்தது. நவம்பர் செவ்வாய்க்கிழமை 20 யூரோவுக்குக் கிடைக்கும் படுக்கை, புத்தாண்டு இரவுக்கு மூன்று மடங்கு கேட்கும். எடுத்துப்போக வேண்டியவை: சொந்தப் பூட்டு, காதடைப்பான், துண்டு. பெட்டகம் இருக்கும், பூட்டு இருக்காது. நகர வரி தனி. நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் எடுங்கள். ஐந்து யூரோ மிச்சம் பிடித்து ஊர்க்கோடியில் தங்கினால் நள்ளிரவில் அந்த ஐந்து யூரோ டாக்சியில் இருபதாகப் போகும்.

சாப்பாட்டுக்கு முதல் நாள் புளிசாதம். இதைக் கேலி செய்கிற நண்பர்களே பிரஸ்ஸல்ஸ் நிலையப் படிக்கட்டில் முதல் டப்பாவை காலி செய்தவர்கள். நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறி, முழுசாக ஆறிய பிறகு மூடுங்கள். சூட்டோடு மூடினால் மாலையில் நீர் விட்டுவிடும். இரண்டாம் நாளுக்குக் கணக்கு வைக்காதீர்கள். சைவக்காரர்களுக்குத் தெருவில் ஃபலாஃபெலும் (கொண்டைக்கடலை வடை) ஹலூமி பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியும் எங்கும் கிடைக்கும். சூப் என்றால் மாட்டு எலும்புச் சாறா என்று கேளுங்கள், ஜெல்லி மிட்டாயில் பெரும்பாலும் ஜெலட்டின்.

கிறிஸ்துமஸ் சந்தையில் ரைபெகூஹென் என்று ஒன்று பொரித்துத் தருவார்கள், உருளைக்கிழங்கு அடை என்று வைத்துக்கொள்ளுங்கள், தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ். நான் மிளகாய்ப்பொடி டப்பா எடுத்துப் போவேன். சூடான ஒயின் குடிக்காதவர்கள் கிண்டர்புன்ஷ் கேளுங்கள், மது இல்லாதது. கோப்பைக்கு முன்பணம் சில யூரோ வாங்குவார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம், கொடுக்காவிட்டால் கோப்பை உங்களுடையது. என் சமையலறையில் இருக்கிற ஏழு கோப்பையும் இப்படி வந்தவைதான்.

7. இரவில் வெளியே

இரவு பெரும்பாலும் யாராவது ஒருவரின் பகிர்வு வீட்டில் தொடங்கும். அழைப்பில் எட்டு மணி என்றால் ஒன்பதுக்குப் போகலாம். ஆனால் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தால் எட்டு என்றால் எட்டுதான். அவரவர் குடிப்பதை அவரவர் கொண்டுபோவது வழக்கம். வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு தட்டு மசால்வடை கொண்டுபோனவரை அந்த வீட்டில் பிறகு யாரும் மறப்பதில்லை. காலி பாட்டிலை எறியாதீர்கள், பீர் பாட்டிலுக்கு 8 சென்ட், ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். தெருவில் இருந்தால் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள், பொறுக்கி எடுப்பவர் கையைத் தொட்டிக்குள் விட வேண்டியிருக்காது.

கோப்பை உயர்த்தி "ப்ரோஸ்ட்" சொல்லும்போது ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்துச் சொல்ல வேண்டும். கையில் ஆப்பிள் சாறு இருந்தாலும் இதே விதி. குடிக்காதவர்களுக்கு இங்கே யாரும் வற்புறுத்தித் தருவதை நான் அதிகம் பார்த்ததில்லை. வற்புறுத்துவது பெரும்பாலும் நம்ம பசங்கள்தான்.

கொலோனின் பழைய மதுக்கூடங்களில் ஒரு விசேஷம். கோல்ஷ் பீர் 200 மில்லி ஒல்லிக் குவளையில் வரும். பரிமாறுபவரை கோபெஸ் என்பார்கள். நீலச் சட்டை, வட்டத் தட்டு, முகத்தில் லேசான சலிப்பு. குவளை காலியானால் நீங்கள் கேட்காமலே அடுத்ததை வைத்து, அடியில் உள்ள அட்டையில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார். போதும் என்றால் சொல்லத் தேவையில்லை. அந்த அட்டையை எடுத்துக் குவளையின் மேல் மூடி வைக்க வேண்டும். இது தெரியாமல் மரியாதைக்காக ஒவ்வொன்றையும் குடித்து முடித்த ஒருவனை எனக்குத் தெரியும். பதினோரு கோடு. அவனை ரயிலேற்றியது தனிக் கதை.

பில் வரும்போது சேர்த்தா, தனித்தனியா என்று கேட்பார்கள். தனித்தனி என்பதில் வெட்கமே இல்லை. 13.60 என்றால் "பதினைந்து" என்று வாயால் சொல்லிக் கொடுங்கள், மிச்சம் அவர்களுக்கு. மேசையில் சில்லறையை விட்டுவிட்டு வருவது இங்கே வழக்கம் குறைவு.

நடனக் கூடங்களுக்குப் பன்னிரண்டுக்கு முன்னால் போனால் நீங்களும் சுவரும்தான். பெர்லினில் வெள்ளி இரவு தொடங்கித் திங்கள் காலை வரை போகிறவை உண்டு. அந்த ஊரின் டெக்னோவை 2024-இல் ஜெர்மனி தன் யுனெஸ்கோ மரபுப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. வாசலில் நிற்பவர் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பலாம். ஆறு ஆண்கள் ஒரே கூட்டமாக, சத்தமாகத் தமிழில் பேசிக்கொண்டு வரிசையில் நின்றால் வாய்ப்பு குறைவு. இரண்டிரண்டாகப் பிரிந்து நில்லுங்கள். சில நேரம் நிறம்தான் காரணம் என்று தோன்றும். எனக்கும் ஒருமுறை தோன்றியது, முன்னால் போன ஐந்து பேரையும் உள்ளே விட்டுவிட்டு எங்களுக்கு மட்டும் வேண்டாம் என்று தலையாட்டினார் வாசலில் நின்றவர். வாசலில் வாதாடி இரவு ஜெயித்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. பக்கத்துத் தெருவில் வேறு இடம் இருந்தது, போனோம். உள்ளே போனின் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். உரிக்காதீர்கள், வெளியே அனுப்பிவிடுவார்கள். கோட்டு வைக்க இரண்டு மூன்று யூரோ சில்லறை தேவை. இங்கே பாஸ்போர்ட் வேண்டாம், வசிப்பு அட்டை போதும், அதையும் ஜிப் உள்ள பையில் வையுங்கள். அட்டை தொலைந்தால் அலுவலகத்தில் புதிதாக நேரம் வாங்குவது மாதக்கணக்கு.

பெண்களுக்கு ஒரு குறிப்பு. பல மதுக்கூடங்களில் "லூயிசா இங்கே இருக்கிறாளா?" என்று பரிமாறுபவரிடம் கேட்டால், தொந்தரவில் இருக்கிறீர்கள் என்று அவர்களுக்குப் புரியும், கேள்வி கேட்காமல் உள்ளே அழைத்துப் போய் டாக்சி வரவழைப்பார்கள். 2016-இல் மியூன்ஸ்டரில் தொடங்கிய ஏற்பாடு, கழிவறைக் கதவில் சுவரொட்டி இருக்கும். எந்த ஊருக்குப் போனாலும் குவளையைக் கண் பார்வையில் வையுங்கள், இது ஆண்களுக்கும்தான்.

கார்னிவல் காலத்தில் கொலோன் வேறு ஊர். நவம்பர் 11-ஆம் தேதி 11 மணி 11 நிமிடத்துக்குத் தொடங்கும். அன்று மாணவர் கூட்டமெல்லாம் ட்ஸூல்பிஹர் தெருவில்தான், போனில் அழைத்தால் கிடைக்காது, அதனால் சந்திக்கும் இடத்தை முன்பே பேசிக்கொள்ளுங்கள். வேடம் கட்டாமல் போனால் நீங்கள்தான் வேடிக்கை. என் யோசனை, ட்ஸூல்பிஹர் தெருக் கூட்டம் வேண்டாதவர்கள் பிப்ரவரிவாக்கில் வரும் ரோஜாத் திங்கள் ஊர்வலத்துக்குப் போங்கள். "கமெல்லெ!" என்று கத்தினால் வண்டியிலிருந்து மிட்டாய் எறிவார்கள், குடையைத் தலைகீழாகப் பிடித்தால் ஒரு மாதத்துக்கு ஆகும்.

8. வீடு வந்து சேர

கிளம்பும் முன்பே கடைசி ரயிலைப் பாருங்கள். அதற்கு முந்தின ரயிலையே கடைசி என்று நண்பர்களிடம் சொல்லுங்கள். பெர்லினில் வெள்ளி, சனி இரவுகளில் மெட்ரோ விடிய விடிய ஓடும். மற்ற ஊர்களை அந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. வாரநாள் இரவுகளில் இரவுப் பேருந்து இருக்கிறதா என்று தனியாகத் தேட வேண்டும்.

குடித்திருந்தால் மின் ஸ்கூட்டர் வேண்டவே வேண்டாம். சட்டத்துக்கு அது காரைப் போலத்தான்: ரத்தத்தில் ஆல்கஹால் 0.5 புரோமில் (ஆயிரத்தில் அரைப் பங்கு) வரம்பு, தாண்டினால் 500 யூரோவில் தொடங்கும் அபராதம். 21 வயதுக்குக் கீழே என்றால் ஒரு சொட்டும் கூடாது. சைக்கிளுக்கு வரம்பு 1.6 என்று தைரியம் சொல்வார்கள். தள்ளாடி ஓட்டினால் அதற்குக் குறைவிலும் பிடிக்கலாம். தள்ளிக்கொண்டே நடங்கள். காவல் 110, ஆம்புலன்ஸும் தீயணைப்பும் 112. ஒருவர் எழுப்பினால் எழவில்லை என்றால் "தூங்கட்டும்" என்று விடாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்து 112-ஐ அழையுங்கள். அழைத்ததற்காக விசாவுக்கு ஒன்றும் ஆகாது. 2024 ஏப்ரலிலிருந்து பெரியவர்கள் கஞ்சா கொஞ்சம் வைத்திருப்பது இங்கே குற்றமில்லை. ஆனால் அதோடு எல்லை தாண்டுவது குற்றம்தான், ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்தாலும் சரி, போனாலும் சரி.

குழுவில் எல்லோரும் வீடு சேர்ந்ததும் ஒரு செய்தி போட வேண்டும் என்பது எங்கள் கூட்டத்தில் வழக்கம். கட்டைவிரல் படம் போதும். ஐந்து பேர் போனால் ஐந்து கட்டைவிரல் வரும்வரை ஒருவர் விழித்திருப்பார், முறை வைத்து.

அப்புறம், சனிக்கிழமை இரவு போகிறவர்கள் மதியமே கடைக்குப் போய்ப் பாலும் ரொட்டியும் தயிரும் வாங்கி வைத்துவிடுங்கள். ஞாயிறு முழுக்கக் கடை அடைப்பு. கிளம்பும் முன் அரை டம்ளர் அரிசியை வேகவைத்து மூடிவைத்துவிட்டால், மூன்று மணிக்கு வந்து தயிர் விட்டுப் பிசைந்து, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம்.